பன்னிரண்டு நொடிகளைக் காத்த குடும்பம்

உரைநடைப் பாடம்

நுழையும் முன்

வீடு மாறும்போதும் ஊர் மாறும்போதும் பழைய படங்களும் கடிதங்களும் எளிதில் தொலைந்துவிடுகின்றன. பணியின் பொருட்டு ஊர்விட்டு ஊர் செல்லும் குடும்பங்கள் இதனை நன்கு அறியும். மனிதன் விமானத்தில் முதன்முதலாகப் பறந்த நாளைப் பற்றி இன்று நாம் நுணுக்கமாக அறிந்திருக்கிறோம். அதற்குக் காரணம், ஒரு குடும்பம் தன் படங்களையும் குறிப்புகளையும் காத்து வைத்ததே ஆகும். அக்குடும்பத்தின் வரலாற்றையும், நம் வீட்டு நினைவுகளை நாம் காக்கும் முறையையும் இப்பாடத்தில் கற்போம்.

1. எழுதி வைக்கும் பழக்கம்

அமெரிக்க நாட்டின் ஒகையோ மாநிலத்தில் டேட்டன் என்னும் நகரம் உள்ளது. ரைட் குடும்பத்தார் அங்கு வாழ்ந்தனர். தந்தை மில்டன் ரைட் கிறித்தவத் திருச்சபை ஒன்றின் ஆயர். திருச்சபைப் பணிக்காக அவர் அடிக்கடி வெளியூர் சென்றார். குடும்பமும் சில முறை ஊர் மாறியது. மூத்த மகன்கள் இருவருக்குப் பின் 1867இல் வில்பரும், 1871இல் ஓர்வில்லும், 1874இல் காதரினும் பிறந்தனர். தாய் சூசன் 1889இல் காசநோயால் மறைந்தார்.

வெளியூரில் இருக்கும் தந்தை வீட்டிற்குக் கடிதம் எழுதுவார். பிள்ளைகள் விடை எழுதுவர். அக்கடிதங்கள் எறியப்படவில்லை. மில்டன் ரைட் ஏறத்தாழ 60 ஆண்டுகள் நாட்குறிப்பும் எழுதினார். வீட்டிற்கு யார் வந்தார், யாருக்குக் காய்ச்சல், எந்தக் கடிதம் கிடைத்தது என்பன போன்ற சிறிய செய்திகளை அவர் நாள்தோறும் குறித்தார். பெரிய நிகழ்ச்சி நடக்கும் என்று எதிர்பார்த்து அவர் எழுதவில்லை. ஆனால், பெரிய நிகழ்ச்சி நடந்தபோது அதனைக் குறித்து வைக்க அவ்வீட்டில் ஒரு குறிப்பேடு ஆயத்தமாக இருந்தது.

1878ஆம் ஆண்டில் தந்தை தம் மகன்களுக்கு ஒரு விளையாட்டுப் பொருளை வாங்கி வந்தார். முறுக்கிய ரப்பர் நாடாவின் விசையால் அது மேலெழுந்து பறந்தது. பறத்தலில் தமக்கு ஆர்வம் பிறந்ததற்கு அப்பொம்மையே காரணம் என்று பிற்காலத்தில் சகோதரர்கள் நினைவுகூர்ந்தனர். பொம்மை உடைந்து போயிற்று. அதைப் பற்றிய நினைவை அவர்கள் சொல்லி வைத்ததால் நாம் அதனை அறிகிறோம்.

2. இருட்டறையும் குறிப்பேடும்

வில்பரும் ஓர்வில்லும் மிதிவண்டிக் கடை நடத்தினர். அவர்களுக்கு ஒளிப்படக் கலையிலும் நாட்டம் இருந்தது. வீட்டின் பின்புறத்தில் இருந்த கொட்டகையில் படங்களை உருத்துலக்கும் இருட்டறையை அமைத்தனர்.

அக்காலத்தில் படம் எடுத்தல் எளிய செயல் அன்று. வெள்ளி உப்புகள் கலந்த மெல்லிய படலம் பூசப்பட்ட கண்ணாடித் தகட்டினை ஒளிப்படக்கருவியினுள் வைக்க வேண்டும். ஒளி பட்ட தகட்டினை இருட்டறையில் வேதிக் கரைசல்களில் நனைத்தால், ஒளி இருளாகவும் இருள் ஒளியாகவும் மாறிய உருவம் தோன்றும். இதனை நெகட்டிவ் என்பர். அதிலிருந்து தாளில் எத்தனை படிகள் வேண்டுமானாலும் எடுக்கலாம். எனவே, தகடு உடைந்தால் படத்தின் மூலமே போய்விடும்.

1900ஆம் ஆண்டு முதல் சகோதரர்கள் வட கரோலினா மாநிலத்தின் கடலோரச் சிற்றூராகிய கிட்டி ஹாக்கிற்குச் சென்றனர். வலிய காற்றும் மென்மணலும் அங்கு இருந்தன. அங்கே இயந்திரம் இல்லாத மிதவை ஊர்திகளை அவர்கள் பறக்கவிட்டனர்; சோதனைகளைப் படம் எடுத்தனர். தகடுகளைப் பல நூறு கிலோமீட்டர் தொலைவு உடையாமல் கொண்டுவந்து டேட்டனில் உருத்துலக்கினர். வானில் விரைந்து செல்லும் ஊர்தி படத்தில் விழுந்ததா, வெற்று வானம்தான் விழுந்ததா என்பது இருட்டறையில்தான் தெரியவரும்.

படம் எடுத்ததோடு அவர்கள் நிறுத்தவில்லை. எந்த நாள், எந்த இடம், படத்தில் இருப்பது யாது, ஒளி எவ்வளவு நேரம் விடப்பட்டது, எவ்வகைத் தகடு என்பவற்றை ஓர்வில் ஒரு குறிப்பேட்டில் எழுதினார். இப்பழக்கமே பின்னாளில் அப்படங்களுக்கு உயர்ந்த மதிப்பைத் தந்தது.

3. பன்னிரண்டு நொடிகள்

1903ஆம் ஆண்டு டிசம்பர் 17ஆம் நாள் காலை. கடுங்குளிர், குட்டைகளில் நீர் உறைந்திருந்தது. கடலோர உயிர்காப்பு நிலையத்திலிருந்தும் அக்கம்பக்கத்திலிருந்தும் ஐவர் வந்திருந்தனர். அன்று முதலில் பறக்கும் முறை ஓர்வில்லுக்கு உரியது. இயந்திரம் தண்டவாளத்தை விட்டு எழும் என்று தாம் கருதிய இடத்தை நோக்கி அவர் ஒளிப்படக்கருவியை முக்காலியில் நிறுத்தினார். ஐவருள் ஒருவரான ஜான் டேனியல்ஸ் என்பவரிடம், விமானம் எழுந்தவுடன் ரப்பர்க் குமிழை அழுத்துமாறு கூறினார். டேனியல்ஸ் அதற்குமுன் ஒளிப்படக்கருவியைக் கையாண்டதே இல்லை.

காலை 10.35 மணிக்கு விமானம் எழுந்தது. கீழ்ச்சிறகின்மீது ஓர்வில் குப்புறப் படுத்திருந்தார். 12 நொடிகளில் 120 அடி தொலைவு பறந்து விமானம் தரையிறங்கியது. அன்று மொத்தம் நான்கு முறை பறந்தனர். நான்காம் முறை வில்பர் 59 நொடிகளில் 852 அடி தொலைவைக் கடந்தார். அதன்பின் வீசிய பெருங்காற்று விமானத்தைப் புரட்டிப் போட்டது. அதனைப் பிடித்து நிறுத்த முயன்ற டேனியல்ஸும் உடன் உருண்டு காயமுற்றார். அந்த விமானம் மீண்டும் பறக்கவே இல்லை.

குமிழைச் சரியான நேரத்தில் அழுத்தினாரா என்பது டேனியல்ஸுக்கே உறுதியாகத் தெரியாது. சகோதரர்கள் டேட்டன் திரும்பித் தகட்டினை உருத்துலக்கினர். தரையிலிருந்து சிறிதே எழுந்த விமானம், அதன் வலப்புறம் அதுவரை உடன் ஓடிவந்து நின்ற வில்பர், தண்டவாளம், சிறகைத் தாங்கிய சிறு பலகை, மணலில் பதிந்த காலடிகள் ஆகிய அனைத்தும் அதில் தெளிவாகத் தெரிந்தன.

4. சான்றுகளை ஒப்பிடுதல்

அன்று மாலை ஓர்வில் தம் தந்தைக்குத் தந்தி அனுப்பினார். தந்தி வழியில் பிழைபட்டது. 59 நொடிகள் என்பது 57 என்று மாறியது. ஓர்வில்லின் பெயரும் எழுத்துப்பிழையுடன் வந்தது. தந்தை அச்செய்தியைத் தம் நாட்குறிப்பில் எழுதி வைத்தார். மறுநாள் நார்ஃபோக் நகர நாளிதழ் ஒன்று, விமானம் 3 மைல் தொலைவு பறந்ததாகச் செய்தி வெளியிட்டது. உண்மைத் தொலைவு ஒரு மைலில் ஆறில் ஒரு பங்குகூட இல்லை!

இவற்றுள் எது உண்மை என்று எவ்வாறு அறிவது? ஓர்வில் அன்றே தம் கைப்பட எழுதிய நாட்குறிப்பில் 59 நொடிகள் என்று உள்ளது. தந்தியின் பிழையை நாட்குறிப்பு திருத்துகிறது. நாளிதழின் மிகையை அளவுக் குறிப்பு மறுக்கிறது. விமானம் எழுந்தது உண்மை என்பதைப் படம் காட்டுகிறது. அந்தப் படம் எங்கே, எப்போது எடுக்கப்பட்டது என்பதைக் குறிப்புகள் கூறுகின்றன. ஒரு சான்று தனியே நின்றால் வலிமை குறைவு. பல சான்றுகள் ஒன்றையொன்று தாங்கும்போது உண்மை நிலைபெறும்.

சகோதரர்கள் பறந்தனர் என்பதைச் சில ஆண்டுகள் பலர் நம்பவில்லை. 1908இல் பிரான்சு நாட்டில் வில்பர் மக்கள்முன் பறந்து காட்டிய பின்னரே பெரும்பாலோர் ஐயம் நீங்கினர்.

குடும்பத்தின் மகிழ்ச்சியான நினைவு ஒன்றும் உண்டு. 1910ஆம் ஆண்டு மே 25ஆம் நாள், 81 வயதான தந்தையை ஓர்வில் தம் விமானத்தில் ஏற்றிச் சென்றார். முதியவர் அஞ்சவில்லை, இன்னும் உயரே செல்லுமாறு மகனிடம் கூறினார்.

5. வெள்ளத்தில் மூழ்கிய தகடுகள்

1912ஆம் ஆண்டு மே திங்களில் வில்பர் குடற்காய்ச்சலால் இறந்தார். அடுத்த ஆண்டு மார்ச்சுத் திங்களில் டேட்டன் நகரைப் பெருவெள்ளம் சூழ்ந்தது. குடும்பத்தார் வீட்டை விட்டு வெளியேறினர். கொட்டகையில் இருந்த கண்ணாடித் தகடுகள் நீரிலும் சேற்றிலும் பல நாட்கள் கிடந்தன. முதல் விமானத்தின் உறுப்புகள் அடங்கிய பெட்டிகளும் சேற்றில் புதைந்தன.

கண்ணாடி நீரில் கரையாது. ஆனால், அதன்மேல் உள்ள படலம் நீரில் ஊறினால் உப்பும், உரியும். பல தகடுகளின் ஓரங்கள் இவ்வாறு சிதைந்தன. முதல் பறத்தலைக் காட்டும் தகட்டின் ஒரு மூலையிலும் படலம் சிதைந்தது. நல்வாய்ப்பாக, விமானத்தின் உருவமும் வில்பரின் உருவமும் தப்பின. வில்பர் உயிருடன் இல்லாத அவ்வேளையில், அத்தகடு அண்ணனின் நினைவாகவும் இருந்தது. ஓர்வில் தகடுகளைத் தம் வாழ்நாள் முழுவதும் காத்தார்.

ஓர்வில் 1948இல் மறைந்தார். 1949இல் கண்ணாடித் தகடுகள் 303உம், சகோதரர்களின் நாட்குறிப்புகளும் கடிதங்களும் வாசிங்டன் நகரில் உள்ள காங்கிரஸ் நூலகத்திற்கு அளிக்கப்பட்டன. குடும்பத்தாரிடம் எஞ்சியிருந்த படங்களும் தாள்களும் 1975இல் டேட்டன் அருகே உள்ள ரைட் மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தன. இன்று நீங்கள் உங்கள் பள்ளிக் கணினியிலேயே அத்தகடுகளின் படங்களைக் காணலாம். சிதைந்த அந்த மூலையையும் காணலாம்.

6. நம் வீட்டுப் படங்கள்

மாணவர்களே, நம் வீடுகளிலும் பழைய படங்கள் உள்ளன. அவற்றுள் ஒன்றை எண்ணிப் பாருங்கள். விமான நிலையத்தில் மாலையுடன் நிற்கும் ஒருவரை வழியனுப்ப உறவினர் பலர் சூழ்ந்து நிற்கின்றனர். படத்தின் பின்புறம், “பெரியப்பா, மீனம்பாக்கம், 1968” என்று எழுதப்பட்டுள்ளது. மூன்றே சொற்கள்! ஆனால், அவை படத்தைத் திறக்கும் திறவுகோல்கள்.

பெரியப்பா என்னும் சொல், அவர் எழுதியவருக்கு எவ்வகையில் உறவு என்பதைக் காட்டுகிறது. பெரியப்பா, சித்தப்பா, மாமா, அத்தான் ஆகிய நால்வரையும் ‘அங்கிள்’ என்னும் ஒரே சொல்லால் குறித்தால், அவர்கள் யார் என்பது மறைந்துவிடும். மீனம்பாக்கம் என்பது சென்னை விமான நிலையம் அமைந்த இடம். ஆண்டு, அவர் எப்போது பயணம் மேற்கொண்டார் என்பதைக் கூறுகிறது. ஆனால், தமிழ் படிக்கத் தெரியாதவருக்கு அவ்வெழுத்துகள் வெறும் கோடுகளே.

வெளிமாநிலங்களில் வளரும் நீங்கள் பேச்சுத் தமிழை அறிந்திருக்கலாம். பாட்டி எழுதிய கடிதத்தையும் தாத்தா எழுதிய படக்குறிப்பையும் படிக்க எழுத்துத் தமிழும் வேண்டும். நீங்கள் அதனைக் கல்லாவிடின், படங்கள் பெட்டியில் நலமாக இருந்தும் அவற்றின் பொருள் அழிந்துவிடும். ரைட் குடும்பத்தின் தகடுகளுக்கு வெள்ளத்தால் கேடு வந்தது. நம் வீட்டுப் படங்களுக்கு மறதியால் கேடு வரலாம். படத்தில் இருப்பவர் யார் என்று கூறவல்ல முதியவர் நம்முடன் இருக்கும்போதே அவரிடம் கேட்டு எழுதிவிட வேண்டும்.

படங்களைக் காக்கும் முறை:

1. படத்தைத் தொடும் முன் கைகளைக் கழுவி நன்கு உலர்த்துக. படத்தின் ஓரங்களை மட்டும் பிடிக்க.
2. படத்தின் பின்புறத்தில் மென்மையான பென்சிலால், ஓரமாக, அழுத்தாமல் எழுதுக. பேனா மை ஊறி முன்பக்கம் தெரியக்கூடும்.
3. பெயர், உறவுமுறை, ஊர், ஆண்டு ஆகிய நான்கையும் குறிக்க. ஆண்டு உறுதியாகத் தெரியாவிடின், “அக்காவின் திருமணத்திற்கு முன்” என்பது போல் எழுதுக.
4. பசை, ஒட்டுநாடா ஆகியவற்றைப் பயன்படுத்தாதீர். அவை நாளடைவில் மஞ்சளாகிப் படத்தைக் கெடுக்கும்.
5. வெயில் படும் சுவரிலும், சமையலறை, குளியலறை ஆகியவற்றின் அருகிலும் படங்களை வைக்காதீர். தரையில் வைக்காமல், வெள்ளநீர் எட்டாத உயரத்தில் உலர்ந்த அலமாரியில் வைக்க.
6. நனைந்து ஒட்டிக்கொண்ட படங்களை வலிந்து பிரிக்காதீர். பெரியவர்களிடம் கூறி, தக்கவரின் உதவியை நாடுக.
7. படத்தின் முன்புறம், பின்புறம் ஆகிய இரண்டையும் கைப்பேசியில் படி எடுத்து, இரண்டு மூன்று உறவினர் வீடுகளிலும் சேமிக்கச் செய்க. ஓரிடத்தில் அழிந்தாலும் மற்றோரிடத்தில் எஞ்சும்.
8. முதியவர் நினைவுகளைக் கூறும்போது, அவர் இசைவு பெற்று ஒலிப்பதிவு செய்க. அவர் பேசும் வட்டார வழக்கை மாற்றாமல் அப்படியே எழுதுக.

தெரிந்து தெளிவோம்

• 1911ஆம் ஆண்டு பிப்ரவரி 18ஆம் நாள் ஆன்றி பெக்கே என்னும் பிரெஞ்சு விமானி, அலகாபாத்திலிருந்து யமுனை ஆற்றைக் கடந்து நைனிக்கு ஏறத்தாழ 6,500 கடிதங்களை விமானத்தில் கொண்டு சென்றார். அக்கடிதங்களில் தனி அஞ்சல் முத்திரை இடப்பட்டது. அவற்றுள் சிலவற்றை மக்கள் இன்றும் காத்து வருகின்றனர்.

• 1932ஆம் ஆண்டு அக்டோபர் 15ஆம் நாள் ஜே.ஆர்.டி. டாட்டா, கராச்சியிலிருந்து அகமதாபாத் வழியாக மும்பைக்கு அஞ்சல் விமானத்தை ஓட்டி வந்தார். அங்கிருந்து நெவில் வின்சென்ட் என்பவர் பெல்லாரி வழியாகச் சென்னைக்கு அஞ்சலைக் கொண்டு சேர்த்தார்.

அருஞ்சொற்பொருள்

ஆயர் – கிறித்தவத் திருச்சபைத் தலைவர்
உருத்துலக்குதல் – தகட்டில் பதிந்த உருவத்தை வேதிக் கரைசலால் வெளிப்படுத்துதல்
படலம் – மெல்லிய பூச்சு
மிகை – உள்ளதைவிடக் கூடுதல்
குடற்காய்ச்சல் – டைபாய்டு
திறவுகோல் – சாவி
இசைவு – சம்மதம்

இலக்கணம் அறிவோம்: செய்வினையும் செயப்பாட்டுவினையும்

டேனியல்ஸ் படத்தை எடுத்தார். (செய்வினை)
படம் டேனியல்ஸால் எடுக்கப்பட்டது. (செயப்பாட்டுவினை)

முதல் தொடரில் செய்தவர் எழுவாயாக நிற்கிறார். இரண்டாம் தொடரில் செயப்படுபொருளாகிய ‘படம்’ எழுவாயாக மாறுகிறது. செய்தவர் ‘ஆல்’ உருபு பெறுகிறார். வினையுடன் ‘படு’ என்னும் துணைவினை சேர்கிறது. “படம் எடுக்கப்பட்டது” என்று மட்டும் எழுதினால், எடுத்தவர் பெயர் மறைந்துவிடும். ஆதலால், படக்குறிப்பு எழுதும்போது எடுத்தவர் பெயரையும் சேர்த்து எழுதுதல் நன்று.

பயிற்சி

அ. சரியான விடையைத் தேர்ந்தெடுத்து எழுதுக.

1. முதல் பறத்தலைப் படம் எடுத்தவர்
(அ) வில்பர் (ஆ) மில்டன் (இ) ஜான் டேனியல்ஸ் (ஈ) காதரின்

2. தந்தியில் பிழைபட்ட செய்தி
(அ) பறந்த நேரம் (ஆ) பறந்த நாள் (இ) ஊரின் பெயர் (ஈ) தந்தையின் பெயர்

3. காங்கிரஸ் நூலகம் பெற்ற கண்ணாடித் தகடுகள்
(அ) 120 (ஆ) 303 (இ) 852 (ஈ) 1903

ஆ. கோடிட்ட இடங்களை நிரப்புக.

1. முதல் பறத்தல் ______ நொடிகள் நீடித்தது.
2. தகடுகள் ______ ஆம் ஆண்டு வெள்ளத்தில் மூழ்கின.
3. மீனம்பாக்கம் ______ விமான நிலையம் அமைந்த இடம்.

இ. செயப்பாட்டுவினையாக மாற்றி எழுதுக.

1. தந்தை நாட்குறிப்பை எழுதினார்.
2. ஓர்வில் தகடுகளைக் காத்தார்.
3. பாட்டி கடிதத்தை அனுப்பினார்.

ஈ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.

1. கண்ணாடித் தகடு உடைந்தால் ஏற்படும் இழப்பு யாது?
2. ஓர்வில்லின் குறிப்பேட்டில் இருந்த செய்திகள் எவை?
3. ‘அங்கிள்’ என்னும் சொல் எவ்வாறு உறவை மறைக்கிறது?

உ. பத்து வரிகளில் விடை எழுதுக.

1. தந்தி, நாளிதழ், நாட்குறிப்பு, படம் ஆகிய நான்கு சான்றுகளையும் ஒப்பிட்டு எழுதுக.
2. “படங்கள் நலமாக இருந்தும் அவற்றின் பொருள் அழிந்துவிடும்.” இக்கூற்றை விளக்குக.

ஊ. செயல்திட்டம்

உங்கள் வீட்டு முதியவர் ஒருவரிடம், அவர் முதன்முதலில் விமானத்தைக் கண்ட நாளையோ விமானத்தில் ஏறிய நாளையோ பற்றிக் கேளுங்கள். அவர் தொலைவில் வாழ்ந்தால் தொலைபேசியில் கேட்கலாம். எந்த ஊர், எந்த ஆண்டு, உடன் இருந்தவர் யார், அப்போது அவர் மனத்தில் தோன்றியது யாது என்பவற்றை அவர் கூறிய சொற்களிலேயே தமிழில் எழுதுங்கள். அந்நாளின் படம் இருப்பின் அதன் படியை இணையுங்கள். எழுதியதை அவருக்குப் படித்துக் காட்டித் திருத்தம் கேளுங்கள். தாளின் கீழே உங்கள் பெயரையும், எழுதிய நாளையும், ஊரையும் குறிக்க மறவாதீர்கள்.